'ரன்' என்ற ஒரு சொல்லுக்கு எந்த அகராதியைத் திறப்பது?

ஆங்கிலச் சொல்லொன்றின் பொருளைத் தெரிந்துகொள்ளவும், அதற்குப் பதிலாக வேறொரு சொல்லைத் தேர்ந்தெடுக்கவும் எந்த நூலை வாங்குவது, எந்தச் செயலியை நம்புவது என்ற கேள்வி மாணவர்களிடமிருந்தும், போட்டித் தேர்வுக்குப் படிப்பவர்களிடமிருந்தும், புதிதாக மொழிபெயர்ப்பில் இறங்கியவர்களிடமிருந்தும் ஓயாமல் வருகிறது. கேட்பவர்களில் பலர் அரிய சொற்களை மனத்தில் வைத்துக்கொண்டுதான் கேட்கிறார்கள். அரிய சொல்லுக்கு எந்த அகராதியும் போதும். ஒளிச்சேர்க்கையைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லுக்கு எந்த நூலைப் புரட்டினாலும் ஒரே பொருள்தான், அதுவும் ஓரிரு வரிகளில் முடிந்துவிடும். ஓர் அகராதியின் தரம் தெரிவது 'கெட்', 'செட்', 'டேக்', 'ரன்' போன்ற, தொடக்கப்பள்ளிப் பாடத்திலேயே வந்துவிடும் சின்னஞ்சிறு சொற்களில்தான்.

ஆகவே இந்த ஒப்பீட்டுக்கு 'ரன்' என்ற சொல்லையே உரைகல்லாக எடுத்துக்கொள்கிறேன். கிரிக்கெட் வழியாகவும், 'ரன்னிங்'கில் பேருந்து ஏறுபவர்கள் வழியாகவும் தமிழுக்குள் நுழைந்துவிட்ட சொல் அது. தெரிந்த சொல் என்ற நினைப்பே அதன் பிற பொருள்களை நம் கண்ணில் படாமல் மறைத்துவிடுகிறது. ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கிலப் பேரகராதியின் 1989ஆம் ஆண்டுப் பதிப்பில், 20 தொகுதிகளிலும் மிக நீண்ட பதிவு என்ற பெயர் 'செட்'டுக்கு இருந்தது. வினைச்சொல்லாக மட்டும் அதற்கு ஏறத்தாழ 430 பொருள்கள் காட்டப்பட்டிருந்தன. மூன்றாம் பதிப்புக்கான திருத்தப் பணியில் அந்த இடத்தை 'ரன்' பிடித்துக்கொண்டது. அதன் வினை வடிவத்துக்கு 645 பொருள்களை வகுத்துத் தந்த பதிப்பாசிரியர் பீட்டர் கில்லிவருக்கு அந்த ஒரு சொல்லுக்கே ஒன்பது மாதங்கள் பிடித்தன. ஆலை, இரயில், மோட்டார், கணினி என்று இயங்கும் பொருள்கள் பெருகப் பெருக, அவற்றுக்கெல்லாம் ஆங்கிலேயர்கள் கைக்கெட்டிய இந்தச் சொல்லையே எடுத்து ஆண்டார்கள் என்பது இந்தப் பெருக்கத்துக்கு முக்கியமான ஒரு காரணம்.

645 பொருள்களையும் எவரும் மனப்பாடம் செய்யப் போவதில்லை. ஒரு வாக்கியத்தின் முன் நிற்கும்போது அவற்றில் ஒன்றே ஒன்றுதான் வேண்டும். அந்த ஒன்றை எந்த நூல் விரைவாகவும் பிழையில்லாமலும் எடுத்துக் கொடுக்கிறது என்பதுதான் நாம் முடிவுசெய்ய வேண்டியது.

## அளவுகோல்கள்

எல்லாவற்றுக்கும் முன்னால், நீங்கள் எந்தத் திசையில் போகிறீர்கள் என்பதைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். ஆங்கிலத்தில் படித்த வாக்கியத்தைப் புரிந்துகொள்ள முயல்கிறீர்களா, அல்லது மனத்தில் தமிழில் இருப்பதை ஆங்கிலத்தில் எழுத முயல்கிறீர்களா? ஒரே சொல்லானாலும் இரண்டும் வெவ்வேறு வேலைகள். முதலாவதற்குச் சிறந்த நூல் இரண்டாவதில் காலை வாரிவிடக்கூடும்.

படிப்பவருக்கு 'ரன்' வைக்கும் பொறிகள் இப்படிப்பட்டவை: சளி பிடித்தவரின் மூக்கு ஆங்கிலத்தில் 'ரன்' ஆகிறது, தமிழில் ஒழுகுகிறது. புதுத் துணியை நனைத்தால் அங்கே சாயம் 'ரன்' ஆகிறது, இங்கே சாயம் போகிறது. ஒப்பந்தம் மார்ச் வரை 'ரன்' ஆகிறது என்றால் அதுவரை அமலில் இருக்கும் என்று பொருள். நீரிழிவு ஒரு குடும்பத்தில் 'ரன்' ஆகிறது என்றால் பரம்பரையாக வருகிறது என்று பொருள். வங்கியின் மீது 'ரன்' என்றால் போட்ட பணத்தைத் திரும்ப எடுக்க மக்கள் ஒரே நேரத்தில் முண்டியடிக்கிறார்கள் என்று பொருள். இங்கே சொல் வினையாக இல்லாமல் பெயராக வருகிறது. இவற்றில் எதிலும் 'ஓடு' என்ற தமிழ்ச் சொல்லை வைத்துச் சமாளிக்க முடியாது. அதே வேளையில் எஞ்சின் ஓடுவது, கடிகாரம் ஓடுவது, ஆறு ஓடுவது, திரையரங்கில் படம் நூறு நாள் ஓடுவது ஆகிய இடங்களில் இரு மொழிகளும் கைகோத்துப் போகின்றன. இந்தப் பாதி ஒற்றுமைதான் ஆபத்தானது, ஏனென்றால் மீதிப் பாதியிலும் அதையே எதிர்பார்க்கத் தோன்றுகிறது.

எழுதுபவருக்குப் பொறி வேறு பக்கத்தில் இருக்கிறது. 'நடத்து' என்ற ஒரே தமிழ்ச் சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். கடை நடத்துகிறோம், பத்திரிகை நடத்துகிறோம், குடும்பம் நடத்துகிறோம், தேர்வு நடத்துகிறோம், கூட்டம் நடத்துகிறோம், பேச்சுவார்த்தை நடத்துகிறோம், பாடம் நடத்துகிறோம், வழக்கு நடத்துகிறோம். காவல்துறை துப்பாக்கிச் சூடு நடத்துகிறது. ஆங்கிலத்தில் கடைக்கும் பத்திரிகைக்கும் குடும்பத்துக்கும் 'ரன்' சரியாகப் பொருந்தும். தேர்வுக்கு 'கண்டக்ட்' அல்லது 'ஹோல்ட்', பேச்சுவார்த்தைக்கு 'ஹோல்ட்', பாடத்துக்கு 'டீச்', துப்பாக்கிச் சூட்டுக்கு 'ஓப்பன் ஃபயர்'. கூட்டத்துக்கு 'ஹோல்ட்' போட்டால் கூட்டம் நடந்தது என்று பொருள். 'ரன்' போட்டால் கூட்டத்தின் கடிவாளம் ஒருவர் கையில் இருந்தது என்று பொருள். இரண்டும் பிழையில்லாத ஆங்கிலம், ஆனால் சொல்லும் செய்தி ஒன்றல்ல.

இதிலிருந்து ஐந்து கேள்விகள் கிடைக்கின்றன. நூல் பொருள்களை எந்த வரிசையில் அடுக்குகிறது, வேண்டிய பொருளுக்கு எவ்வளவு நேரத்தில் போய்ச்சேர முடிகிறது? ஒத்த சொற்களுக்கு இடையிலுள்ள வேறுபாட்டைச் சொல்கிறதா, வெறுமனே வரிசைப்படுத்துகிறதா? எந்தப் பெயரோடு எந்த வினை சேரும் என்பதைக் காட்டுகிறதா? பேச்சு வழக்கு, அலுவலக வழக்கு, பிரிட்டிஷ் வழக்கு, அமெரிக்க வழக்கு என்ற வேறுபாடுகளைக் குறிக்கிறதா? விலைச்சீட்டில் தெரியாத செலவு என்ன? இவற்றுள் மூன்றாவது கேள்விக்கே நான் மிகுந்த எடை தருகிறேன்; எளிய ஆங்கிலச் சொல்லுக்குத் தனித்து நிற்கும்போது பொருள் பெரிதாக ஒன்றுமில்லை, பக்கத்துச் சொல்தான் அதற்குப் பொருளைத் தருகிறது.

## ஆங்கில–தமிழ் அகராதி

பெரும்பாலான தமிழ் வீடுகளில் இருக்கும் ஒரே அகராதி இதுதான். லிஃப்கோவின் ஆங்கிலம்–ஆங்கிலம்–தமிழ் அகராதி பல தலைமுறைகளாகப் பள்ளிப் பையிலும் அலுவலக மேசையிலும் இருந்து வருகிறது. இவ்வகையில் அறிஞர் நூல் என்று சொல்லத்தக்கது, அ. சிதம்பரநாதன் செட்டியாரைத் தலைமைப் பதிப்பாசிரியராகக் கொண்டு 1963 முதல் 1965 வரை சென்னைப் பல்கலைக்கழகம் வெளியிட்ட ஆங்கிலம்–தமிழ்ச் சொற்களஞ்சியம். அதைத் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் தளத்தில் கட்டணமின்றித் தேடிப் பார்க்கலாம்.

படிக்கும் திசையில் இவ்வகை நூலின் வேகத்தை எதுவும் வெல்ல முடியாது. 'மூக்கு ஒழுகு', 'சாயம் போ', 'நாளடைவில்' என்று தமிழ்ச் சொல் நேராகக் கையில் வந்து விழுகிறது. சுற்றி வளைத்த விளக்கத்தைப் படித்து அதிலிருந்து தமிழை ஊகிக்கும் வேலை மிச்சம். மொழிபெயர்ப்பாளருக்கு இன்னொரு பயனும் உண்டு. மனத்தில் தோன்றாத, ஆனால் பார்த்ததும் 'அட, இதுதானே' என்று தோன்றும் ஒரு சொல்லைப் பழைய தொகுப்புகள் அடிக்கடி எடுத்துக் கொடுக்கின்றன.

குறை, அடுக்கும் முறையில் இருக்கிறது. பெரும்பாலான கையடக்கப் பதிப்புகளில் 'ரன்' என்ற தலைச்சொல்லின் கீழ் 'ஓடு, விரைந்து செல், பாய், நடத்து, இயக்கு, ஒழுகு, பரவு' என்று தமிழ்ச் சொற்கள் காற்புள்ளியால் கோக்கப்பட்டு வரிசையாக நிற்கும். எந்தச் சொல் எந்தச் சூழலுக்கு உரியது என்பதற்கு எடுத்துக்காட்டு வாக்கியம் இருக்காது, இருந்தாலும் ஒன்றிரண்டு இருக்கும். முன்பே பொருள் தெரிந்தவருக்கு அந்த வரிசை நினைவூட்டல். தெரியாதவருக்கு அது வெறும் குலுக்கல் சீட்டு.

மறைந்திருக்கும் செலவு இதைவிடப் பெரியது. வரிசையில் 'நடத்து' என்று பார்த்த மாணவர், எழுத உட்காரும்போது அதையே திருப்பிப் பிடித்து, 'நடத்து' என்று தோன்றும் இடமெல்லாம் 'ரன்' போடத் தொடங்கிவிடுகிறார். அகராதி அப்படிச் சொல்லவில்லை. ஆனால் அப்படிப் புரிந்துகொள்வதைத் தடுக்கும் ஏற்பாடு எதுவும் அதில் இல்லை. எனவே எழுதும் வேலைக்கு இவ்வகை நூலை மட்டும் வைத்துக்கொள்வதை நான் பரிந்துரைப்பதில்லை. மொழிபெயர்ப்பாளர் இதைப் பயன்படுத்தும்போது, கிடைத்த தமிழ்ச் சொல்லை 1992இல் முதலில் வெளிவந்த க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதியில் ஒருமுறை சரிபார்ப்பது நல்லது. அச்சொல் இன்று எந்தப் பொருளில் வழங்குகிறது என்பதை அங்கே எடுத்துக்காட்டு வாக்கியத்தோடு காணலாம். அறுபதுகளின் தமிழை 2020களின் கட்டுரைக்குள் அறியாமல் கொண்டுவந்து வைக்கும் தவறு நேராது.

## கற்போருக்கான ஆங்கில–ஆங்கில அகராதி

ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொள்ளாதவர்களுக்கென்றே தொகுக்கப்படும் அகராதிகள் தனி இனம். இவற்றின் முன்னோடி ஏ. எஸ். ஹார்ன்பி. ஜப்பானில் ஆங்கிலம் கற்பித்துவந்த அவர் தம் தோழர்கள் இருவரோடு தொகுத்த அகராதி 1942இல் டோக்கியோவில் அச்சாயிற்று. அதையே ஆக்ஸ்ஃபோர்டு 1948இல் எடுத்து வெளியிட்டது. ஆக்ஸ்ஃபோர்டு அட்வான்ஸ்டு லேர்னர்ஸ் என்று நாம் இன்று அறியும் அகராதி அதன் வழிவந்தது. 1978இல் வந்த லாங்மன் அகராதி எல்லா விளக்கங்களையும் ஏறத்தாழ 2,000 எளிய சொற்களுக்குள் அடக்கிக் காட்டியது. 1987இல் ஜான் சிங்க்ளேரின் தலைமையில் பர்மிங்ஹாம் பல்கலைக்கழகத்தில் உருவான கோபில்ட், விளக்கத்தை முழு வாக்கியமாகவே எழுதியது: ஒரு தொழிலையோ செயல்பாட்டையோ நீங்கள் 'ரன்' செய்தால் அதன் பொறுப்பு உங்களுடையது என்ற போக்கில் அது பேசும். அந்த வாக்கியத்திலேயே எழுவாயாக மனிதர் வர வேண்டும், செயப்படுபொருளாகத் தொழில் வர வேண்டும் என்ற இலக்கணமும் சேர்ந்து வந்துவிடுகிறது. கற்பிக்கும் உத்தியாகப் பார்த்தால் இதற்கு மேல் ஒன்றை நான் கண்டதில்லை.

'ரன்' போன்ற சொல்லில் இவ்வகை அகராதிகளின் பலம் இரண்டு இடங்களில் வெளிப்படுகிறது. முதலாவது, பொருள்கள் தோன்றிய காலவரிசையில் வராமல், இன்றைய வழக்கில் எது மிகுதியோ அது முன்னால் வருமாறு பெரும்பாலும் அடுக்கப்பட்டிருக்கும். இரண்டாவது, நீண்ட பதிவுகளில் ஒவ்வொரு பொருளின் தலையிலும் 'தொழில்', 'பேருந்து, இரயில்', 'இயந்திரம்', 'திரவம்', 'தேர்தல்' என்பன போன்ற வழிகாட்டிச் சொற்கள் தடித்த எழுத்தில் நிற்கும். மூன்று பக்கப் பதிவை முழுதும் படிக்க வேண்டியதில்லை. கண்ணை ஓடவிட்டால் வேண்டிய இடத்தில் நின்றுவிடும். தேர்தலில் போட்டியிடுவதை அமெரிக்கர்கள் 'ரன் ஃபார்' என்றும், பிரிட்டிஷார் பெரும்பாலும் 'ஸ்டாண்ட் ஃபார்' என்றும் சொல்வார்கள் என்ற குறிப்பையும் இங்கே பார்க்கலாம். இரண்டையும் ஒரே கட்டுரையில் கலந்து எழுதுபவர்களுக்கு இந்த ஒரு குறிப்பே நூலின் விலைக்குச் சமம்.

செலவு என்னவென்றால், விளக்கத்தில் வரும் இரண்டாயிரம், மூவாயிரம் அடிப்படைச் சொற்கள் உங்களுக்கு முன்பே தெரிந்திருக்க வேண்டும். அந்த நிலையை எட்டாத எட்டாம் வகுப்பு மாணவரிடம் இதை மட்டும் கொடுத்தால் ஒரு சொல்லைத் தேடப் போய் மூன்று சொற்களைத் தேடிக்கொண்டிருப்பார். சில நாள்களில் அகராதி அலமாரிக்குப் போய்விடும். மொழிபெயர்ப்பாளருக்கோ வேறு சங்கடம்: பொருள் கண்ணாடி போல் தெளிவாகப் புரிந்துவிடும், தமிழ்ச் சொல் மட்டும் நாக்கு நுனியில் நின்றுகொண்டு வராது. பணச் செலவைப் பற்றிக் கவலைப்பட வேண்டியதில்லை. ஆக்ஸ்ஃபோர்டு, லாங்மன், கேம்பிரிட்ஜ் மூன்றுமே கற்போர் அகராதிகளை இணையத்தில் விளம்பரங்களோடு இலவசமாகத் தருகின்றன.

## தெசாரஸ்: கருத்தின்படி தொகுத்த சொற்கூட்டம்

ஒரு சொல்லுக்கு மாற்றுச் சொல் வேண்டும் என்றதும் எல்லோருக்கும் முதலில் நினைவுக்கு வருவது தெசாரஸ். அதனாலேயே அதிகம் தவறாகப் பயன்படுத்தப்படுவதும் அதுதான்.

மருத்துவரும் இலண்டன் ராயல் சொசைட்டியின் செயலாளராக இருந்தவருமான பீட்டர் மார்க் ரோஜே, ஓய்வுக்குப் பிறகு, 1852இல் தம் 73ஆம் வயதில் வெளியிட்ட நூல் இவ்வகைக்கு மூலம். சொற்களை அகர வரிசையில் அடுக்காமல் ஆறு பெரும் வகுப்புகளின் கீழ் ஆயிரம் கருத்துத் தலைப்புகளாக அவர் பிரித்தார். எதிர்ப்பொருள் உள்ள தலைப்புகளை அருகருகே வைத்தார். தமிழ் வாசகருக்கு இந்த அமைப்பு புதுமையாக இருக்கத் தேவையில்லை. தேவர் பெயர், மக்கள் பெயர், விலங்கின் பெயர் என்று பொருள்வாரியாகச் சொற்களைத் தொகுத்து, ஒரு சொல்லுக்குப் பல பொருள் வரும் இடங்களுக்கென்று தனித் தொகுதியும் ஒதுக்கிய நிகண்டுகள் ரோஜேவுக்குப் பல நூற்றாண்டுகள் முன்பே இங்கு மனப்பாடமாக இருந்தவை. ஒரு சொல் பல பொருளுக்கு உரிமையாவதையும் பல சொல் ஒரு பொருளுக்கு உரிமையாவதையும் தொல்காப்பியத்தின் உரியியல் தன் முதல் நூற்பாவிலேயே பேசிவிடுகிறது.

நிகண்டும் தெசாரஸும் பகிர்ந்துகொள்ளும் ஒரு குணத்தைக் கவனிக்க வேண்டும்: இரண்டுமே சொல்லை முன்பே அறிந்தவருக்காகச் செய்யப்பட்டவை. ரோஜே தம் நூலில் சொற்களுக்கு விளக்கம் எழுதவில்லை. கருத்து மனத்தில் இருக்கிறது, சொல் நினைவுக்கு வரவில்லை என்பவர் வரிசையைப் பார்த்ததும் தமக்குத் தெரிந்த சொல்லை அடையாளம் கண்டுகொள்வார் என்பதே ஏற்பாடு. ஆங்கிலத்தைப் பள்ளியில் கற்ற நாம் அந்த வரிசையைப் பார்த்தால், தெரிந்த சொல்லை விட்டுவிட்டுத் தெரியாத, கனமான சொல்லை எடுத்துவிடுகிறோம். 'ரன்' என்பதற்கு 'மேனேஜ்', 'ஆபரேட்', 'கண்டக்ட்', 'டைரக்ட்', 'அட்மினிஸ்டர்' என்று வரிசை வருகிறது என்று வையுங்கள். டீக்கடை வைத்திருக்கும் மாமாவைப் பற்றி எழுதும் மாணவர் 'அட்மினிஸ்டர்' என்று எழுதினால், அந்த டீக்கடை மாவட்ட நிர்வாகத்தின் கீழ் வந்துவிட்டதைப் போல ஒலிக்கும். 'ஆபரேட்' என்றால் பாய்லரைத் திருகுவது நினைவுக்கு வரும். 'மேனேஜ்' என்றால் கடை வேறொருவருடையது, மாமா அங்கே மேலாளர் என்று படிப்பவர் எடுத்துக்கொள்ள வாய்ப்புண்டு. 'ரன்' ஒன்றுதான் உரிமையையும் அன்றாட உழைப்பையும் சேர்த்து, அலட்டாமல் சொல்கிறது. கனமான சொல்லுக்கு மதிப்பெண் கூடும் என்ற எண்ணம் நம் பள்ளிகளில் ஆழமாக வேரூன்றியிருப்பதால் இதைச் சற்று அழுத்தியே சொல்கிறேன்.

இந்தக் குறையை நீக்குவதற்கென்றே வேறுபாடு விளக்கும் ஒத்தசொல் அகராதிகள் உள்ளன. மெரியம்-வெப்ஸ்டர் 1942இல் வெளியிட்ட ஒத்தசொல் அகராதி அவற்றில் புகழ்பெற்றது. ஒரு கூட்டத்துச் சொற்களை ஒரே பத்தியில் நிறுத்தி, எது எங்கே பிரிகிறது என்று சொல்லும் முறை அது: 'கண்டக்ட்' என்பதில் ஒரு குழுவின் செயலுக்குப் பொறுப்பேற்றல், 'மேனேஜ்' என்பதில் விரும்பிய விளைவை நோக்கிக் காரியங்களைக் கையாளுதல், 'டைரக்ட்' என்பதில் இடைவிடாத வழிகாட்டல் என்று பிரித்துக் காட்டும். தெசாரஸ் வாங்கத்தான் வேண்டும் என்றால் இவ்வகையில் வாங்குங்கள். ஒரே குறை, 'ரன்' போன்ற மிக எளிய சொற்களை இத்தகைய கூட்டங்களில் பெரும்பாலும் சேர்ப்பதில்லை. அவற்றைப் பற்றி விளக்கத் தேவையில்லை என்று தாய்மொழியாளருக்குத் தோன்றுகிறது போலும்.

பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் ஜார்ஜ் மில்லர் 1985இல் தொடங்கிய வேர்ட்நெட், கணினிக்காக உருவான தெசாரஸ். அதன் 3.0 பதிப்பில் 'ரன்' வினையாக 41 பொருளிலும் பெயராக 16 பொருளிலும் பிரிக்கப்பட்டு, ஒவ்வொன்றுக்கும் உரிய ஒத்த சொற்கள் தனித்தனியே தரப்படுகின்றன. எந்தப் பொருளுக்கு எந்த மாற்றுச் சொல் என்று பிரித்துக் காட்டுவதில் அச்சுத் தெசாரஸை இது மிஞ்சுகிறது. ஆயினும் இது ஆய்வுக் கருவி. விளக்கங்கள் மிகச் சுருக்கமானவை, வழக்கு நிலையைப் பற்றிய குறிப்பு அரிது.

## சொற்சேர்க்கை அகராதியும் தரவகமும்

நான் மிகுந்த எடை தருவதாகச் சொன்ன மூன்றாவது கேள்விக்கு நேரான விடை இங்கே இருக்கிறது. ஆக்ஸ்ஃபோர்டு 2002இல் வெளியிட்ட சொற்சேர்க்கை அகராதியில் 'ரன்' என்று தேடத் தொடங்காமல், உங்களுக்குத் தெரிந்த பெயர்ச்சொல்லிலிருந்து தொடங்க வேண்டும். 'மீட்டிங்' என்ற பதிவைத் திறந்தால் அதோடு சேரும் வினைகள் வரிசையாக இருக்கும். 'ரிஸ்க்' என்ற பதிவைத் திறந்தால் 'ரன்', 'டேக்' இரண்டும் கிடைக்கும். எழுதும்போது பெயர் நமக்கு எப்போதும் முன்பே தெரிந்திருக்கிறது, திணறுவது வினையில்தான் என்பதால் இந்த வாசல் இயல்பாகவே சரியான இடத்தில் அமைந்திருக்கிறது. 'நடத்து' வைக்கும் பொறிகள் அனைத்தையும் இந்த ஒரு நூலைக் கொண்டு கடந்துவிடலாம். பொருள் விளக்கம் மட்டும் இதில் கிடையாது. கற்போர் அகராதி ஒன்று பக்கத்தில் இருந்தாக வேண்டும்.

தரவகம் என்பது, மனிதர்கள் எழுதியதையும் பேசியதையும் பெருமளவில் திரட்டி, கணினியில் தேடிப் பார்க்கும்படி வைத்திருக்கும் தொகுப்பு. சொற்சேர்க்கை அகராதிக்கு அதுவே மூலப்பொருள். 1994இல் நிறைவுற்ற பிரிட்டிஷ் நேஷனல் கார்பஸில் பத்துக் கோடிச் சொற்கள் உள்ளன. மார்க் டேவிஸ் உருவாக்கிய தற்கால அமெரிக்க ஆங்கிலத் தரவகத்தில் நூறு கோடிக்கு மேல் உள்ளன. 'ரன்' என்ற வினையை இட்டு அதற்குப் பின்னால் வரும் பெயர்களை மட்டும் கேட்டால், உண்மையான மனிதர்கள் எழுதியதும் பேசியதும் எண்ணிக்கையோடு வந்து நிற்கும். கூர்மையான கருவிதான், ஆனால் கைக்குப் பழக நாளாகும். கேள்வி கேட்கும் முறையைக் கற்க வேண்டும், பதிவுசெய்துகொள்ள வேண்டும், இலவசப் பயன்பாட்டுக்கு அன்றாட வரம்பு உண்டு.

இன்னொரு எச்சரிக்கையும் உண்டு. இவை பிரிட்டிஷ், அமெரிக்க வழக்கைக் காட்டுபவை. நம் அரசு அறிவிப்புகளும் நாளிதழ்களும் தேர்வுக்கு 'கண்டக்ட்' என்ற வினையையே விரும்பி எழுதுகின்றன. அது பிழையன்று, இந்திய ஆங்கிலத்தின் நிலைபெற்ற வழக்கு. உள்ளூர் வழக்கைப் பார்க்க வேண்டுமானால், 20 நாடுகளின் இணைய ஆங்கிலத்திலிருந்து 190 கோடிச் சொற்களைத் திரட்டி 2013இல் வெளிவந்த குளோப் (GloWbE) என்ற தரவகம் இருக்கிறது. அதில் இந்தியாவும் இலங்கையும் தனித்தனிப் பகுதிகளாக உள்ளன.

## வரலாற்றுப் பேரகராதி

ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கிலப் பேரகராதி 1884 முதல் 1928 வரை பகுதி பகுதியாக வெளிவந்து நிறைவுற்ற நூல். அதில் பொருள்கள் வரலாற்றுப் போக்கில் அடுக்கப்பட்டிருக்கும். ஒவ்வொன்றுக்கும் முதல் ஆட்சி எது, கடைசியாக எப்போது வழங்கியது என்று ஆண்டோடு மேற்கோள் இருக்கும். மின்னஞ்சல் எழுத உட்கார்ந்தவருக்கு இது எந்த உதவியும் செய்யாது. பதினெட்டாம் நூற்றாண்டுக் கம்பெனி ஆவணங்களையோ விக்டோரியா காலப் புதினத்தையோ மொழிபெயர்ப்பவருக்கு இதை விட்டால் வேறு வழி இல்லை, ஏனென்றால் இன்றைய அகராதிகள் வழக்கிறந்த பொருள்களைக் கழித்துவிட்டன. தனிநபர் சந்தாவுக்குப் பணம் கட்டும் முன், சந்தா வைத்திருக்கும் பல்கலைக்கழக நூலகம் அருகில் உண்டா என்று விசாரியுங்கள்.

## மொழிபெயர்ப்புச் செயலியும் உரையாடும் செயற்கை நுண்ணறிவும்

கூகுள் மொழிபெயர்ப்பு 2011இல் தமிழைச் சேர்த்துக்கொண்டது. ஒற்றைச் சொல்லாக 'ரன்' என்று இட்டால் 'ஓடு' என்றுதான் முதலில் வரும். முழு வாக்கியமாக இட்டால் பெரும்பாலும் சரியான பொருளுக்குப் போய்விடுகிறது. எனவே இங்கே பின்பற்ற வேண்டிய ஒழுங்கு, சொல்லைத் தனியாகக் கொடுக்காமல் வாக்கியத்தோடு கொடுப்பது.

உரையாடும் செயலிகள் இன்னொரு படி மேலே போய், ஏன் அந்தச் சொல் என்று விளக்கவும் செய்கின்றன. 'மேனேஜ்' போடலாமா, 'ரன்' போடலாமா என்று கேட்டால் பொறுமையாகப் பதில் சொல்கின்றன. ஆனால் எத்தனை பொருள்கள் உண்டு, எந்த நாட்டில் எது வழக்கு, எது பழையது என்பன போன்ற கேள்விகளுக்கு, தெரிந்ததையும் ஊகித்ததையும் ஒரே குரலில் சொல்லிவிடும் இயல்பு அவற்றுக்கு உண்டு. சரியானதிலிருந்து தவறானதைப் பிரிக்க ஏற்கெனவே நல்ல ஆங்கிலம் தெரிந்திருக்க வேண்டும் என்பதே இதன் மறைந்திருக்கும் செலவு. அந்த ஆங்கிலம் இல்லாதவர்களே இதை அதிகம் நம்பியிருக்கிறார்கள். சரிபார்க்கக் கற்போர் அகராதியின் ஒரு சாளரம் பக்கத்தில் திறந்திருந்தால் இதைத் தாராளமாகப் பயன்படுத்தலாம்.

## ஒரே பார்வையில்

| வகை | பொருளைக் கண்டடையும் வேகம் | ஒத்த சொல் வேறுபாடு | சொற்சேர்க்கை | மறைந்திருக்கும் செலவு |
|---|---|---|---|---|
| ஆங்கில–தமிழ் | மிக வேகம் | இல்லை | அரிது | தமிழ்ச் சொல்லைத் திருப்பிப் பிடிக்கும் பழக்கம் |
| கற்போர் அகராதி | வேகம் | ஓரளவு | நன்று | அடிப்படை ஆங்கிலம் தேவை |
| தெசாரஸ் | பொருந்தாது | வரிசை மட்டும் | இல்லை | கனமான சொல்மீது ஆசை |
| வேறுபாடு விளக்கும் ஒத்தசொல் அகராதி | மெதுவாக | மிக நன்று | ஓரளவு | எளிய சொற்கள் விடுபடும் |
| சொற்சேர்க்கை அகராதி, தரவகம் | பொருந்தாது | மறைமுகமாக | மிக நன்று | பழகும் காலம் |
| பேரகராதி | மிக மெதுவாக | ஓரளவு | மேற்கோள் வழியாக | சந்தா, நேரம் |
| செயலிகள் | உடனடி | நன்று, உறுதியில்லை | நன்று, உறுதியில்லை | சரிபார்க்கும் சுமை |

## யாருக்கு எது

பத்தாம் வகுப்புக்குக் கீழுள்ள மாணவருக்கு ஆங்கில–தமிழ் அகராதியே முதல் நூல். எடுத்துக்காட்டு வாக்கியங்கள் உள்ள பதிப்பாகத் தேர்ந்தெடுப்பதில்தான் பெற்றோர் கவனம் வேண்டும். சொல் எண்ணிக்கையை அட்டையில் பெரிதாக அச்சிட்டிருப்பதைப் பார்த்து ஏமாற வேண்டாம். மேல்நிலை வகுப்புக்கு வந்ததும் கற்போர் அகராதிக்கு மாறிவிட வேண்டும். அந்த மாற்றத்தைத் தள்ளிப்போடுபவர்கள் கல்லூரி முடிந்த பிறகும் காற்புள்ளி வரிசையிலேயே நின்றுகொண்டிருப்பதைப் பார்க்கிறேன்.

போட்டித் தேர்வுகளில் ஒத்த சொல், எதிர்ச்சொல் வினாக்களுக்குத் தெசாரஸை மனப்பாடம் செய்பவர்கள் நிறைய உண்டு. வினா தனிச் சொல்லாக வந்தால் அது ஓரளவு உதவும். வாக்கியத்துக்குள் வைத்துக் கேட்கப்பட்டால், அந்த வாக்கியத்தில் சொல் எந்தப் பொருளில் நிற்கிறது என்று தெரியாமல் வரிசையால் பயனில்லை. அவர்களுக்கு என் பரிந்துரை, கற்போர் அகராதியும் வேறுபாடு விளக்கும் ஒத்தசொல் அகராதியும் என்ற இணை.

அலுவலகத்தில் ஆங்கிலத்தில் கடிதமும் அறிக்கையும் எழுதுபவர்கள் வேறு எதை வாங்காவிட்டாலும் சொற்சேர்க்கை அகராதியை வாங்கட்டும். ஆங்கிலத்திலிருந்து தமிழுக்குப் பெயர்ப்பவர்களுக்குக் கற்போர் அகராதியில் பொருள், ஆங்கில–தமிழ் அகராதியில் சொல், க்ரியாவில் சரிபார்ப்பு என்ற வரிசை பொருந்தும். வரிசையை மாற்றி ஆங்கில–தமிழில் தொடங்கினால், கண்ணில் பட்ட முதல் தமிழ்ச் சொல்லுக்கு ஏற்ப வாக்கியத்தின் பொருளை வளைத்துக்கொள்ளும் சபலம் வந்துவிடும்.

விலை கட்டுப்படியாகாதவர்கள் பழைய புத்தகக் கடையைத் தயங்காமல் நாடலாம். 'ரன்' போன்ற சொற்களின் முதன்மைப் பொருள்கள் இருபது ஆண்டுகளில் பெரிதாக மாறிவிடுவதில்லை. கணினி நிரலை 'ரன்' செய்வதுகூட அந்தப் பழைய பதிப்புகளிலேயே இருக்கும். கடையில் நின்றபடியே அந்தப் பதிவைத் திறந்து இரண்டு விஷயங்களைப் பாருங்கள்: பொருள்களின் தலையில் வழிகாட்டிச் சொற்கள் இருக்கின்றனவா, தொழில் நடத்தும் பொருளுக்கு முழு வாக்கியமாக ஓர் எடுத்துக்காட்டாவது இருக்கிறதா. இரண்டும் இருந்தால் அட்டை கிழிந்திருந்தாலும் வாங்கலாம்.